காய்ச்சல் இல்லாத பதினோரு நாள்

உட்காருங்கள் அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், அங்கே வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இந்தப் பக்கம் வாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸிலேயா வந்தீர்கள்? தாராபுரத்தில் மாறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து? ஒரு போன் பண்ணியிருந்தால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு முக்குக்கே வந்திருப்பேனே. பண்ணினீர்களா? எத்தனை தரம்? ஓ. இங்கே டவர் சரியாக எடுக்காது. அதுவும் அந்த ஆஸ்பத்திரி நம்பர் வந்தால் சில சமயம் மணியே அடிக்காது.

காப்பி கலக்கி வைத்துவிட்டேன். வேண்டாமா? எல்லோரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். குடியுங்கள். நல்ல எருமைப் பால். பாலைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம், முப்பத்தொரு வருடம் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தவன்.

நீங்கள் வாசலில் நின்று சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லோருடைய பேரையும் டாக்டர் தேன்மொழி ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறார். யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை, யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று எழுதுகிறார். அதில் என் வீட்டுக்காரி மயிலாத்தாள் பேருக்கு நேராக ‘தொடர்பில் இல்லை’ என்று இருக்கிறது. அப்படித்தானே? அவள் எங்கே என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். சுவரில் மாலை போட்ட அவள் படத்தைப் பார்த்துவிட்டீர்கள், அதனால்தான் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். ஆமாம். வருகிற கார்த்திகை வந்தால் மூன்று வருடம் முடிகிறது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். காரியம் எல்லாம் முடிய மாதமாயிற்று, அப்புறம் கொரோனா வந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. அப்படியே போய்விட்டது.

இரண்டு தேதி வேண்டும் என்கிறீர்கள். கடைசி ஊசி எப்போது போட்டது, உடம்புக்கு முடியவில்லை என்று அவள் முதலில் எப்போது சொன்னாள். கடைசி ஊசி நவம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. எழுதிக்கொள்ளுங்கள். நோட்டே இருக்கிறது, வேண்டுமானால் எடுத்து வருகிறேன். இரண்டாவது தேதிக்கு அப்புறம் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

முதலில் அவள் விரல்தான் வெளுத்தது. மார்கழியில் வாசல் தெளிக்கத் தண்ணீரில் கை வைத்தால் பத்து விரலும் சுண்ணாம்பாகும், அப்புறம் நீலமாகும். குளிர்காற்றுக்கு அப்படி ஆகிறது என்று நினைத்தோம். அடுத்த மார்கழிக்குள் கை முழுக்க வீங்கி இறுகிவிட்டது. மோதிரத்தைத் தட்டானிடம் போய் அறுத்து எடுத்தோம். முகத்தில் சுருக்கமே இல்லை. ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருத்தி அவளிடம் கேட்டாள், ‘என்ன மயிலா, வயசு கொறஞ்சுக்கிட்டே போவுது, என்ன பூசற?’ இவள் சிரித்தாள். சிரித்தால் வாய் பாதிதான் திறந்தது. வீட்டுக்கு வந்து இட்லியைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள், ‘வயசு கொறஞ்சு கொறஞ்சு இன்னும் ரெண்டு வருசத்துல பால்குடிப் புள்ளையாயிருவனாட்ட இருக்குதுங்.’ எப்போதும் அவள் அப்படித்தான். வாயைத் திறக்க முடியாதபோதும் வாய் ஓயாது.

கோயம்புத்தூரில் மூட்டுவாத டாக்டரிடம் போங்கள் என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். டாக்டர் தேன்மொழி கையைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். ஸ்க்லீரோடெர்மா என்றார். தோல் மட்டும் இல்லை, நுரையீரலும் இறுகுகிறது என்றார். ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார். நிற்கவில்லை. ஊதிப் பார்க்கிற சோதனையில் ஒவ்வொரு தடவையும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் இந்த ஊசி. வாரம் ஒரு தரம், வயிற்றுத் தோலுக்கு அடியில். அதை எப்படி வாங்கினோம் என்பதை விடுங்கள், அது வேறு கதை.

ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

‘உடம்புக்குள்ள எங்கயாவது கிருமி புகுந்தா மத்த இடத்துக்கெல்லாம் சேதி போகும். அந்தச் சேதி போனாத்தான் காய்ச்சல் வரும். இவங்களுக்கு அந்தச் சேதி காரணமே இல்லாம ஓயாம போயிட்டிருக்கு. அதுலதான் தோல் இறுகுது. அந்தச் சேதியில ஒண்ணத்தான் இந்த ஊசி அடைக்குது.’

‘அப்ப நெசமாலுமே கிருமி வந்துட்டா என்னாகுங்?’

கேட்டது நான் இல்லை. மயிலாத்தாள்.

‘நல்லாக் கேட்டீங்கம்மா’ என்றார் டாக்டர். ‘அப்பவும் சேதி சரியா போகாது. காய்ச்சல் வராமலே இருக்கலாம். அதனால உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு தோணினா அதுவே போதும். அந்த வாரம் ஊசியப் போடாம எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க.’

அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். காய்ச்சல் என்று காதில் விழுந்ததுமே, நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசல் கடையில் வாங்கினேன். இரண்டு வாங்கினேன். ஒன்று தப்பாகக் காட்டினால் இன்னொன்றில் பார்க்கலாம் அல்லவா?

நீங்கள் ஊர் ஊராகப் போகிறீர்களே, என்னைப் போல ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரனை எங்கேயாவது பார்த்தீர்களா? பெருமைக்குச் சொல்லவில்லை. சிஸ்டர் ஒரே தரம்தான் சொல்லிக்கொடுத்தார். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டுப் போட வேண்டும், போன வாரம் போட்ட இடத்தில் போடக் கூடாது. நான் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஊசியை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் போய்! நாங்கள் ஆறாயிரம் லிட்டர் பாலை நாலு டிகிரியில் நிறுத்துகிறவர்கள். குளிர்ப்பெட்டிக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன். மயிலாத்தாளுக்குப் பெட்டிக் கதவைத் தொட்டாலே விரல் நீலமாகும், அதனால் கத்தரிக்காய் வேண்டுமென்றாலும் நான்தான் எடுத்துத் தர வேண்டும். ‘உங்க ஊசிய நல்லா வெச்சிருக்கறீங். அதுக்குப் பக்கத்துல இருக்கற தக்காளிதான் அழுவுது’ என்பாள்.

நோட்டில் நாலு பத்தி போட்டிருந்தேன். காலைச் சூடு, மாலைச் சூடு, பெட்டிச் சூடு, ஞாயிற்றுக்கிழமை எண். ஞாயிற்றுக்கிழமை எண் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் ஒவ்வொரு தரமும் பதினேழு இடத்தில் தோலைக் கிள்ளிப் பார்த்து, எங்கே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண் போடுவாரே, குறையக் குறைய நல்லது, அதுதான். முகம், நெஞ்சு, வயிறு, அப்புறம் கையிலும் காலிலும் இரண்டு பக்கமும். நான் நாலு தடவை பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்ததும் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, பதினேழு இடத்தையும் கிள்ளி எண் போடுவேன்.

‘சந்தையில மாடு புடிக்கறவனாட்டவே இருக்குதுங். பல்லையும் புடிச்சுப் பாத்துருங்’ என்பாள்.

‘சும்மா இரு புள்ள. எண்ணு தப்பிப் போயிரும்.’

‘கையக் கிள்ளாமச் சும்மா புடிச்சா ஆகாதுங்களா?’

அவளுக்கு விளையாட்டு. எனக்கு வேலை. அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

ஆனால் பலித்தது அம்மிணி. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும்போது இருபத்தொன்பது. ஒன்பது மாதத்தில் பதினெட்டு. டாக்டர் போட்ட எண்ணும் நான் போட்ட எண்ணும் ஒன்று இரண்டுதான் வித்தியாசம். ஊதுகிற சோதனையில் எண் இறங்குவது நின்றுவிட்டது. ஏறவில்லை, இறங்கவில்லை. ‘இந்த நோயில இறங்காம இருக்கறதே பெரிய விஷயம்’ என்றார் டாக்டர். ஒரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், பொட்டென்று கன்னத்தில் ஏதோ விழுந்தது. பார்த்தால் கடலைத் தொட்டி, உரித்த மேலோடு. நோவு வருவதற்கு முன்னால் ஊரில் விதைக் கடலை உரிக்கிறதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது, அவள் பக்கத்தில் குவிகிற தொட்டியைப் பார்த்து மற்ற பெண்களுக்கு வயிறெரியும். மூன்று வருடமாக ஒரு கடலை உரிக்க முடியவில்லை. அன்றைக்கு இரண்டு விரலை மடக்கி ஒரு கடலையை உடைத்துவிட்டாள். தொட்டியை என் மேல் எறிந்துவிட்டு, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உடனே நோட்டை எடுத்து எழுதினேன்: வலது கை, இரண்டு விரல், மடங்குகிறது. ‘அதையும் எழுதிட்டீங்களாக்கும்’ என்றாள்.

இதெல்லாம் உங்கள் பதிவேட்டில் வர வேண்டும். வெறுமனே தொடர்பில் இல்லை என்று இருந்தால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஊசியால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பார்கள். அல்லது ஊசியால்தான் செத்தாள் என்று நினைப்பார்கள். இரண்டும் பொய்.

எப்படி இறந்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி ஊசி என்று சொன்னேன் அல்லவா? மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும், குளிக்கப் போனவள் விழுந்துவிட்டாள். தூக்கினால் உதடு நீலம். தாராபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கிறது, ரத்தத்திலும் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். புதன்கிழமை மத்தியானம் போய்விட்டாள். அவ்வளவுதான். திடீரென்று வந்தது.

திடீரென்றுதான் அம்மிணி. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஒரு நாளில் அவ்வளவு சீழ் கோக்காது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரி டாக்டரும் அதைத்தான் கேட்டார். ‘எத்தனை நாளா முடியலைன்னு சொன்னாங்க?’ என்று கேட்டார். ‘நேத்துலருந்துங்’ என்றேன். அவள் மூக்கில் குழாயோடு பக்கத்திலேயே படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பேச முடியாமல் இல்லை, கொஞ்சம் முன்னால்தான் தண்ணீர் கேட்டாள்.

அந்த நோட்டில் பாருங்கள், எந்தப் பக்கத்திலும் காய்ச்சல் இல்லை. தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. காலையும் மாலையும். இரண்டு தெர்மாமீட்டரிலும். காய்ச்சல் இல்லாத ஆளை எந்த ஆஸ்பத்திரிக்கு என்னவென்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது?

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதைத்தான் என் கொழுந்தியா பூவாத்தாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மயிலாத்தாளுடைய தங்கச்சி. மூன்று வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. அவள் அந்த வியாழக்கிழமை, விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், முருங்கைக்காய் கொண்டுவந்தாள். வந்ததும் வராததுமாகக் கட்டில் பக்கத்தில் போய் நின்று, ‘அக்காளுக்குக் கண்ணு உள்ள போயிருச்சே மச்சான். கோயமுத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்’ என்றாள்.

‘காய்ச்சல் ஒண்ணுமில்ல பூவா. நோட்டப் பாரு.’

‘நோட்ட எதுக்குப் பாக்கோணும்? ஆளப் பாருங்.’

‘எல்லாம் அளந்துதான் வெச்சிருக்கறேன்.’

‘அப்பிடியே அந்த நோட்டப் போட்டு எரிச்சு வெந்நி காய வையுங். அதுக்காச்சும் ஆவும்.’

படிக்காதவள். அவளுக்கு என்ன தெரியும்? எழவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாளே, அப்போது என்ன சொன்னாள் தெரியுமா? ‘எங்கக்கா வாயால சொன்னா, இவுரு குச்சியப் பாத்தாரு’ என்றாள். தெர்மாமீட்டரைத்தான் குச்சி என்கிறாள். என் பக்கத்துச் சொந்தக்காரர்கள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினெட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். அதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

காப்பி அப்படியே இருக்கிறதே. ஆடை கட்டிவிட்டது. பால் ஒத்துக்கொள்ளாதா உங்களுக்கு? அடடா, வந்தவுடனேயே சொல்லியிருக்கலாமே. சொன்னீர்களா? எப்போது? நான் தம்ளரைக் கையில் கொடுக்கும்போதா? காதில் விழவில்லை அம்மிணி. மன்னித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுவருகிறேன்.

இந்தாருங்கள்.

எங்கள் நிலையத்தில் காலை ஐந்தரைக்கு ஊர் ஊராகக் கேன் வந்து இறங்கும். மூடியைத் திறந்து சூடு பார்ப்பேன், பால்மானியை விடுவேன், கொஞ்சம் பாலைக் குழாயில் எடுத்துக் கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்ப்பேன். திரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். கொண்டுவந்தவன் சும்மா போவானா? ‘இப்பத்தானுங் கறந்தது, எம்புள்ளைக்குக் குடுத்துட்டு மிச்சத்தத்தானுங் கொண்டாந்தன்’ என்பான். சிலர் அழுவார்கள். நான் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன். பார்த்தால் மனசு இளகும், ஒரு கேனை விட்டால் ஆறாயிரம் லிட்டரும் போய்விடும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பால் தொட்டிகூட என் முறையில் கெட்டதில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் சால்வை போட்டார்கள். ‘நாச்சிமுத்தண்ணன்கிட்ட வாய் பேசாது, பால்தான் பேசும்’ என்றார்கள். மயிலாத்தாள் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். அப்போது அவளுக்குக் கை தட்ட முடிந்தது.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் அந்த இரண்டாவது தேதியைக் கேட்டீர்கள்.

விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி ஒன்று உண்டே, ஆக்சிஜன் காட்டுமே, அதுவும் எங்களிடம் இருந்தது. அவள் விரல் எப்போதும் சில்லென்று இருக்கும், ரத்தம் ஓடாது, அதனால் அந்தக் கருவி எண் காட்டாது. வெறும் கோடுதான் வரும். கோடு வந்தால் நோட்டில் என்ன எழுதுவது? அதை எடுத்து மேலே வைத்துவிட்டேன். அவளிடம் ஒரு போன் இருந்தது. அதுவும் அப்படித்தான், அவள் இறுகின விரலால் தொட்டால் அதற்குத் தெரியாது. யாருக்காவது பேச வேண்டும் என்றால் நான்தான் போட்டுக் கொடுப்பேன்.

‘அந்த சிஸ்டருக்கு ஒரு போனு போட்டுக் குடுங்’ என்றாள். ஒரு புதன்கிழமை.

‘போட்டு என்னன்னு சொல்லுவ?’

‘முடியலைன்னு சொல்லுவனுங்.’

‘காய்ச்சல் எவ்வளவும்பாங்க. தொண்ணூத்தெட்டுன்னா சிரிப்பாங்க. நாளைக்குப் பாத்துட்டுப் போடலாம்.’

மறுநாளும் தொண்ணூற்றெட்டுதான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இது நான் உங்களிடம் சொன்ன கடைசி வெள்ளிக்கிழமை இல்லை அம்மிணி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி. ஊசியை வெளியே எடுத்து வைத்தேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ‘இன்னிக்கு வேண்டாமுங். டாக்டரம்மா சொல்லிச்சல்ல’ என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘காய்ச்சல் இருந்தாத்தான் புள்ள வேண்டாம். காய்ச்சல் இல்லையே. ஒரு வாரம் உட்டா மறுக்கா இருபத்தொம்போதுக்குப் போயிரும்’ என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். கையைப் பிடித்துத் திருப்பிப் போட்டுவிட்டேன். வலிக்காமல்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எண் எடுத்தேன். பதினேழு. ஒன்று குறைந்திருந்தது. அவளிடம் சொன்னேன். ‘சந்தோசமுங்’ என்றாள். அன்றைக்கு மாடு பிடிக்கிறவன் என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாலு நாளும் கஞ்சிதான். ஒரு பக்கமாகத்தான் படுத்தாள். பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்குவது புதிதில்லையே என்று இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, ஊசியை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்தேன். அவளே சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். பூவாத்தாளிடமும் மற்றவர்களிடமும் இந்த மூன்று வருடமும் நான் சொல்லிக்கொண்டு வந்தது அதுதான்: அவளேதான் காட்டினாள், அவளுக்கு வேண்டாம் என்றால் ஏன் காட்டுகிறாள்? எல்லோரிடமும் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றவள் இந்த வெள்ளிக்கிழமை ஏன் ஒன்றும் சொல்லாமல் விலக்கிக் கொடுத்தாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஊசி போடும்போது என் மணிக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். தடுக்கிறாளோ என்று பார்த்தேன். தடுக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் நான் நோட்டை எடுக்க எழுந்து போய்விட்டேன்.

உங்கள் தாளில் என்னென்ன கட்டம் இருக்கிறது? மருந்து பலிக்கவில்லை. மருந்தால் கெடுதல். நோயாளியே வேண்டாம் என்றது. மற்றவை. மருந்தால் கெடுதல் என்று போட்டுவிடாதீர்கள் அம்மிணி. எங்கேயோ இன்னொருத்தி கடலை உரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள், இதைப் பார்த்து அவளுக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். ஊசி நன்றாக வேலை செய்தது. சொன்னபடி வேலை செய்தது. காய்ச்சல் வராது என்றார்கள், வரவில்லை. நோயாளியே வேண்டாம் என்றது என்பதற்கு நேராகப் போடலாமா? அவள் சொன்னாள்தான். ஆனால் நிறுத்தவில்லையே. சொல்லியும் நிறுத்தவில்லை என்பதற்குக் கட்டம் இல்லையா?

இல்லை. சரி.

அப்படியென்றால் தேதியை எழுதுங்கள். நவம்பர் பத்தொன்பது. செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை விழுந்தாள் என்றால், அதற்கு முன்னால் பதினோரு நாள். நோட்டில் இருக்காது. நோட்டில் அன்றைக்குக் காலைச் சூடு தொண்ணூற்றெட்டு, மாலைச் சூடு தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு, அவ்வளவுதான் இருக்கும். அவள் சொன்னதை எழுத நான் பத்தி போடவில்லை.

காலை ஏழு மணி. நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே சொன்னாள். இதை அவள் சொன்ன மாதிரியே எழுத வேண்டும், உங்கள் ஆஸ்பத்திரி வார்த்தையாக மாற்றக் கூடாது. இடம் இல்லையென்றால் பின்பக்கம் எழுதுங்கள். ‘ஏனுங், எனக்கு ஒடம்பு என்னமோ பண்ணுதுங்’ என்றாள். ‘என்ன பண்ணுது?’ என்று கேட்டேன். ‘என்னன்னு சொல்லத் தெரியலீங். ஆனாப் பண்ணுதுங்’ என்றாள்.

நான் ‘வாயத் தொற’ என்று தெர்மாமீட்டரை வைத்தேன்.

எழுதிவிட்டீர்களா? நான் சொன்னதை விட்டுவிடுங்கள், அவள் சொன்னதை மட்டும் ஒரு தரம் படித்துக் காட்டுங்கள் அம்மிணி. மெதுவாகப் படியுங்கள். நான் கேட்கிறேன்.